பெருந்தொற்றுக் கால ஆணைகள் உங்கள் ஊரை என்ன செய்தன என்று கணக்கெடுப்பது எப்படி

நான் வழக்கறிஞர் அல்ல. பாளையங்கோட்டையில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். 2022 கோடையில் முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். "ஊரடங்கிலே எங்களுக்கு என்ன நட்டம்னு முறையா எழுதித் தாங்கண்ணே, மனுக் கொடுக்கணும்" என்றார்கள். ஒரு மாத வேலை என்று நினைத்துத் தலையாட்டினேன். முடிக்கப் பதினாறு மாதம் ஆயிற்று. அதில் பத்து மாதம் வீண். தவறான அலுவலகத்துக்கு விண்ணப்பம், தவறான கேள்வி, தவறான தேதி என்று எல்லாத் தவறுகளையும் ஒழுங்காக வரிசைப்படி செய்தேன்.

அந்தப் பத்து மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சங்கத்தில் இருப்பவர், சட்டம் படிக்கும் மாணவர், ஊரில் நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுப்பவர் என்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். முடிந்துபோன விஷயத்துக்கு இப்போது எதற்கு இது என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்த வேண்டும், அல்லது புதிதாக எழுத வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் தனது 286ஆம் அறிக்கையில் பரிந்துரைத்திருக்கிறது. அடுத்த சட்டத்தை எழுதுகிறவர்கள் மேசையில் நம் ஊர்க் கணக்கும் இருந்தால் நல்லது.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"ஊரடங்கின் பாதிப்பு" என்று தலைப்பிட்டு ஆரம்பித்தால் முடிக்கவே மாட்டீர்கள். ஓர் ஊர், ஒரு தொழில், ஒரு காலம் என்று மூன்று வேலி போடுங்கள். நாங்கள் கடைசியில் பிடித்துக்கொண்டது இது: இரண்டு ஊர்களின் பீடித் தொழிலாளர்கள், 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. உவரியிலோ கூத்தங்குழியிலோ இருப்பவர் மீனவர்களை எடுக்கலாம். குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறவர்களை எடுத்தால் அதுவே ஒரு தனி உலகம். 2020 சீசன் முழுக்க அருவிகள் மூடிக் கிடந்தன.

காலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் அலையையும் இரண்டாம் அலையையும் ஒரே அறிக்கையில் சேர்க்காதீர்கள். 2021 மே 10 முதல் வந்த முழு ஊரடங்கின் விதிகள் வேறு, விலக்குகள் வேறு, கொடுத்த நிவாரணமும் வேறு. 2020இல் அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய். 2021இல் இரண்டு தவணையாக நாலாயிரம். இரண்டையும் கலந்தால் கூட்டல் தப்பும்.

2. தேதிக் கணக்கு எழுதுங்கள்

முழு வேலையின் முதுகெலும்பு இதுதான். இதை நான் கடைசியில் செய்தேன். நீங்கள் முதலில் செய்யுங்கள். எந்தத் தேதியில், எந்த ஆணை, எந்தச் சட்டத்தின் கீழ், உங்கள் ஊரில் அமலில் இருந்தது? இது தெரியாமல் யாரிடம் போய் என்ன கேட்டாலும் கிடைப்பது வெறும் புலம்பல்தான். புலம்பலில் நியாயம் இருக்கலாம், ஆனால் அதை யாரும் கோப்பில் சேர்க்க மாட்டார்கள்.

ஒரு நீளக் கணக்குப் புத்தகம் வாங்குங்கள். ஆறு பத்தி போடுங்கள்: தேதி, ஆணை எண், பிறப்பித்தவர், எந்தச் சட்டம், எதைத் தடுத்தது, எப்போது முடிந்தது. கணினியில் போடலாம்தான். ஆனால் ஊருக்குப் போகும்போது புத்தகத்தைத்தான் விரித்துக் காட்ட முடியும்.

சிக்கல் என்னவென்றால், அந்த நாட்களில் நான்கு சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு நாடு முழுக்க ஊரடங்கு போட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின் கீழ்த் தடையுத்தரவு வந்தது. 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தை 2020 செப்டம்பரில் அவசரச் சட்டம் மூலம் திருத்தி, முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் என்று அபராதம் கொண்டுவந்தார்கள். முகக்கவச அபராதம் 2022 ஜனவரியில் 500 ஆனது.

2020 மார்ச் 24ஐ மட்டும் பாருங்கள். மாலை 6 மணிக்கு மாநிலத்தில் 144 தடையுத்தரவு தொடங்கியது. இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. மறுநாள் மாநில வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையின் அரசாணை (நிலை) எண் 172. ஆக, 25ஆம் தேதி காலையில் ஒருவரைப் போலீஸ் மறித்திருந்தால், எந்த ஆணையின்படி மறித்தது? மறித்தவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நான் விழுந்த பள்ளம். செய்தி வெளியீடும் ஆணையும் ஒன்றல்ல. முதலமைச்சர் அறிவிப்பு மாலையில் தொலைக்காட்சியில் வரும். அரசாணை பிறகு கையெழுத்தாகும். அதற்கும் பிறகு திருத்தம் ஒன்று வரும். கடையடைப்பு நேரம், விலக்குப் பட்டியல் எல்லாம் இந்த மூன்றுக்கும் இடையில் மாறியிருக்கும். ஊரில் நடந்தது அறிவிப்பின்படி, சட்டப்படி செல்லுவது ஆணையின்படி. நான் நாளிதழ் நறுக்குகளை வைத்துப் பட்டியல் போட்டு, பிறகு அரசாணை கைக்கு வந்தபோது பாதியை அடித்து எழுதினேன். நாளிதழை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்குத் தனிப் பத்தி போடுங்கள்.

அரசாணைகள் பெரும்பாலும் தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் துறைவாரியாகக் கிடைக்கும். வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மை, மக்கள் நல்வாழ்வு ஆகிய இரண்டு துறைகளையும் தேடுங்கள். ஒவ்வோர் ஆணையின் தலையிலும் "பார்வை" என்று பழைய ஆணைகளின் பட்டியல் இருக்கும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் விட்டுப்போனவை சிக்கும். மாவட்ட ஆட்சியர் பிறப்பித்த செயல்முறை ஆணைகள் மட்டும் இணையத்தில் அரிது. அவற்றுக்குத்தான் நான்காம் படி.

இன்னொன்று, முடிந்த தேதி. 144ஆம் பிரிவின் கீழ் வரும் உத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் தானாக நீடிக்காது, மாநில அரசு நீட்டித்தால் ஒழிய. பேரிடர்ச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு பிறப்பித்து வந்த ஆணைகள் 2022 மார்ச் 31உடன் முடிந்தன. "அமலில் இருந்தது" என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும் முடிவுத் தேதியைக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். காட்ட முடியாத ஆணைதான் பல சமயம் உங்கள் அறிக்கையின் மிக முக்கியமான கண்டுபிடிப்பாக இருக்கும்.

3. உங்கள் ஊர் அன்று யார் கையில் இருந்தது என்று பாருங்கள்

தென்காசி மாவட்டம் பிரிந்தது 2019 நவம்பர் 22. நாலு மாதத்தில் ஊரடங்கு. கோப்புகள் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்திலிருந்து தென்காசிக்கு இடம் மாறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இத்தனையும் நடந்தது. ஆலங்குளம், கடையநல்லூர், சங்கரன்கோவில், சிவகிரி, செங்கோட்டை வட்டங்கள் தென்காசி. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, ராதாபுரம் திருநெல்வேலி. கடையம் தென்காசி மாவட்டத்தில், முக்கூடல் திருநெல்வேலி மாவட்டத்தில். பஸ்ஸில் சிறிது நேரப் பயணம்தான், ஆனால் காகிதம் வேறு வேறு மாவட்டம். எங்கள் இரண்டு ஊர்களில் ஒன்று எல்லைக்கு இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். இது தெரியாமல் இரண்டுக்கும் ஒரே அலுவலகத்தில் கேட்டு மூன்று மாதம் காத்திருந்தேன்.

போலீஸ் கணக்கும் அப்படித்தான். மேலப்பாளையம், பேட்டை, பாளையங்கோட்டை மாநகரக் காவல் ஆணையர் கீழ். சுற்றுவட்டாரக் கிராமங்கள் மாவட்டக் கண்காணிப்பாளர் கீழ். தென்காசிக்குத் தனிக் கண்காணிப்பாளர்.

ஊராட்சித் தீர்மானம் தேடி அலையாதீர்கள். மாவட்டப் பிரிவினை காரணமாக 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தல் இந்த இரண்டு மாவட்டங்களிலும் நடக்கவில்லை. 2021 அக்டோபரில்தான் நடந்தது. மாநகராட்சிக்கோ 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. ஆக இரண்டு அலைகளின்போதும் நம் ஊர்களில் வாக்குப் போட்டு அனுப்பிய தலைவரோ உறுப்பினரோ கிடையாது, தனி அலுவலர்கள்தான். கிராம சபையும் கூடவில்லை. ஆணை மேலிருந்து வந்தபோது, "எங்கள் ஊருக்கு இது ஒத்துவராது" என்று எழுத்தில் சொல்லப் பொறுப்புள்ள ஆளே இல்லை. இதை அறிக்கையில் ஒரு பத்தியாகவாவது எழுதுங்கள். நான் பார்த்த பாதிப்புகளில் பாதிக்கு இதுதான் வேர் என்பது என் கருத்து.

4. தகவல் உரிமை விண்ணப்பம்

கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை வாங்கி ஒட்டினால் போதும். இருபது வில்லை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணமே இல்லை. சான்றின் நகலை இணைக்க வேண்டும். இணையம் வழியாகவும் அனுப்பலாம். நான் ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்புவதையே விரும்புகிறேன். அட்டை கையில் இருந்தால் "வரவில்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

30 நாளில் பதில் வர வேண்டும். நகல் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தால், நீங்கள் பணம் கட்டும் வரை அந்த நாட்கள் கணக்கில் சேராது; ஆகவே அன்றே கட்டுங்கள். 30 நாள் தாண்டிவிட்டால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். கெடு தாண்டி வந்து பணம் கேட்கிற கடிதத்துக்கு இந்த ஒரு வரியைப் பதிலாக எழுதினேன், 130 பக்கம் இலவசமாக வந்தது.

பதில் வரவில்லை, அல்லது மழுப்பலாக வந்தது என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கு அவர்களுக்கு 30 நாள், காரணம் எழுதினால் 45 வரை. அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையத்தில் எப்போது முறை வரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். முதல் மேல்முறையீட்டோடு கிடைப்பதை வைத்து அறிக்கையை முடிக்கும்படி வகுத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் விதம்தான் எல்லாம். என் முதல் விண்ணப்பத்தில் இப்படிக் கேட்டேன்: "எங்கள் தெருவை ஏன் 28 நாள் அடைத்து வைத்தீர்கள்? இது நியாயமா?" பதில் ஒற்றை வரி: இது தகவல் உரிமைச் சட்டத்தில் வராது. அவர்கள் சொன்னது சரி. ஏன், எதற்கு, நியாயமா என்பதெல்லாம் தகவல் அல்ல. அலுவலகத்தில் இருக்கும் பதிவேடுதான் தகவல். இரண்டாம் முறை இப்படிக் கேட்டேன்:

"2020 மார்ச் 24 முதல் ஆகஸ்ட் 31 வரை இன்ன பேரூராட்சி எல்லைக்குள் நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதி என அறிவித்தும் விலக்கியும் மாவட்ட ஆட்சியர் பிறப்பித்த அனைத்துச் செயல்முறை ஆணைகளின் நகல்கள். அந்தப் பகுதிகளுக்கு அத்தியாவசியப் பொருள் வழங்கப்பட்டதற்கான பதிவேட்டின் நகல். இது தொடர்பாக வந்த மனுக்களின் எண்ணிக்கை, அவற்றின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பு."

இதற்குப் பதில் வந்தது. ஒரு விண்ணப்பத்தில் மூன்று, நாலு கேள்விக்கு மேல் வேண்டாம். பத்துக் கேள்வி போட்டால், எளிதான ஒன்றுக்குப் பதில் எழுதிவிட்டு மற்றதை "பரிசீலனையில்" என்று தள்ளிவிடுவார்கள்.

தவறான அலுவலகத்துக்கு அனுப்பினாலும், உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளில் மாற்றி அனுப்ப வேண்டும் என்று 6ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். நான் குறிப்பிடாத ஒன்று ஓர் அலுவலகத்தின் இழுப்பறையில் ஏழு வாரம் கிடந்தது.

"நேரில் பார்வையிட விரும்புகிறேன்" என்றும் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரம் கட்டணம் இல்லை. கோப்பு எவ்வளவு தடிமன் என்று தெரியாதபோது இதுவே சிக்கனம். போகும்போது பென்சில், வெள்ளைத் தாள், உங்கள் தேதிக் கணக்கு. ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய கோப்புத் தூசி லேசானதல்ல.

5. காவல் நிலையமும் நீதிமன்றமும்

ஊரடங்கை மீறியதாகப் போட்ட வழக்குகள் பெரும்பாலும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில்தான். தேசியக் குற்றப் பதிவேட்டின்படி நாடு முழுக்க இந்த வகையில் 2019இல் 29,469 வழக்குகள், 2020இல் 6,12,179. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டங்கள் போய்ப் புதிய சட்டங்கள் வந்துவிட்டதால், இன்றைய எண்ணில் 188 என்பது 223, 144 என்பது 163. பழைய நிகழ்வுக்குப் பழைய எண்ணையே எழுதுங்கள்; ஆனால் இளம் வழக்கறிஞரிடம் பேசும்போது இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணிக்கையைக் காவல் அலுவலகத்தில் தகவல் உரிமையில் கேளுங்கள்: நிலையவாரி, மாதவாரி, பிரிவுவாரி. கைப்பற்றிய வாகனங்கள் எத்தனை, திருப்பிக் கொடுத்தது எப்போது என்றும் கேளுங்கள். விசாரணையில் இருப்பதாகச் சொல்லிக் கோப்பை மறுக்கலாம். எண்ணிக்கையை மறுக்க முடியாது. நீதிமன்றங்களின் இணையதளத்தில் சட்டத்தின் பெயரை வைத்தே வழக்குத் தேடும் வசதி இருக்கிறது. பொறுமை வேண்டும்.

இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். ஒன்று, 188ஆம் பிரிவில் அரசு ஊழியர் எழுத்து மூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தால்தான் வழக்கை எடுக்க முடியும். போலீஸ் தானே முதல் தகவல் அறிக்கை போட்டு இறுதி அறிக்கை தாக்கல் செய்வது செல்லாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜீவானந்தம் வழக்கில் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. உங்கள் ஊர் வழக்குகள் எந்த வழியில் போயின என்று பாருங்கள். இரண்டு, ஊரடங்கு மீறல் வழக்குகள் ஏறத்தாழ பத்து லட்சத்தைத் திரும்பப் பெறுவதாக அன்றைய முதலமைச்சர் 2021 பிப்ரவரியில் அறிவித்தார். அறிவித்த இடமே நம் கடையநல்லூர்தான். வன்முறை, இ-பாஸ் மோசடி போன்றவற்றுக்கு விலக்கு இல்லை. அறிவிப்பைக் கேட்டு நிம்மதியான பலர், தங்கள் வழக்கு உண்மையில் முடிந்ததா என்று பார்க்கவே இல்லை. எங்கள் ஊரில் ஒரு பையனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. பெயர்ப் பட்டியலில் வழக்கு எண் கிடைத்தால் அன்றே உரியவரிடம் சொல்லுங்கள். ஆய்வு காத்திருக்கலாம்.

வழக்காகாமல் போனதையும் கேளுங்கள். தோப்புக்கரணம் போட வைத்தது, பிரம்படி, சைக்கிள் காற்றைப் பிடுங்கிவிட்டது என்று எந்தக் காகிதத்திலும் வராதவை நிறைய. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித்தான் காவலில் எடுக்கப்பட்டார்கள், இருவரும் இறந்தார்கள், விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது. ஆணையின் வாசகத்தில் இருந்தது கடையடைப்பு நேரம் மட்டும்தான்.

6. வீட்டில் கிடக்கும் காகிதம்

அலுவலகத்தில் பத்து மாதம் தேடியது ஒரு பெண்ணின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்கி, வீட்டில் சுளவை மடியில் வைத்துச் சுற்றி, எண்ணித் திருப்பிக் கொடுக்கிற வேலை இது. ஒவ்வொரு முறையும் பாஸ் புத்தகத்தில் தேதியோடு வரவு எழுதுவார்கள். அந்தப் பெண்ணின் புத்தகத்தில் மார்ச் 21க்குப் பிறகு ஒரு வெற்றிடம். அடுத்த வரவு மே மாதத்தில். நடுவில் இருந்த வெள்ளைத் தாள்தான் எங்கள் முழு அறிக்கையும்.

நாற்பது வீட்டில் இப்படிப் புத்தகம் பார்த்தோம். வேலை நின்ற நாள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்று. வேலை திரும்பிய நாள்தான் ஆளாளுக்கு வேறுபட்டது. தெரு முனையில் கம்பு கட்டிய பகுதிகளில் மூன்று, நான்கு வாரம் தள்ளிப்போயிருந்தது.

வேறு என்ன காகிதம்? வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் மாதவாரிப் பிடித்தம். அடகுச் சீட்டு, தேதியும் தொகையும் தெளிவாக இருக்கும். மகளிர் குழுத் தவணை அட்டை. ரேஷன் கடை ரசீது, கிடைத்தால். தவணை அட்டையில் ஒரு சூட்சுமம்: ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திவைக்க அனுமதித்தது. அனுமதித்ததே தவிர, தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை, வட்டியும் நிற்கவில்லை. "கவர்மெண்டு தள்ளிப்போட்டுட்டதா சொன்னாங்க, பிறகு வந்து வட்டியோட கேட்டாங்க" என்று பலர் சொல்வார்கள். அதை ஏமாற்று என்று எழுதாதீர்கள், ஆணை சரியாகப் போய்ச் சேரவில்லை என்று எழுதுங்கள். அதுவும் ஒரு பாதிப்புதான்.

காகிதத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள். அங்கேயே செல்பேசியில் படம் எடுங்கள், ஆதார் எண்ணைக் கையால் மறைத்து. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அறிக்கையில் பெயர் வேண்டாம், எண் போதும்.

தேதி கேட்டால் யாருக்கும் நினைவு இருக்காது. "ஏப்ரல் பத்தாம் தேதி என்ன செய்தீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள், உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக முடியாமல் போனதே, அப்போது வீட்டில் அரிசி இருந்ததா என்று கேளுங்கள். மேலப்பாளையத்தில் நோன்புக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் ஓடாத மாதம் என்றால் டவுன்காரர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

7. நோய் செய்தது எது, ஆணை செய்தது எது

மதிப்பீட்டில் கடினமான இடம் இது. எல்லாவற்றையும் ஊரடங்கின் தலையில் கட்டினால் ஒரே கேள்வியில் அறிக்கை சரிந்துவிடும்: "ஆணை இல்லாவிட்டாலும் பயத்தில் வேலை நின்றிருக்காதா?"

இதற்கு எளிய வழி, ஜோடி பார்ப்பது. ஒரே தொழில், ஒரே கூலி, ஒரே பயம். ஆனால் ஒன்றில் ஆணை கடுமை, இன்னொன்றில் இல்லை. அடைத்த தெருவும் அடைக்காத அடுத்த தெருவும் நல்ல ஜோடி. எல்லையை வைத்தும் செய்யலாம். 2020 ஜூன் 1 முதல் மாநிலத்தை எட்டு மண்டலமாகப் பிரித்தார்கள். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஒரே மண்டலம். உள்ளே இ-பாஸ் வேண்டாம். விருதுநகர் வேறு மண்டலம். சங்கரன்கோவிலிலிருந்து நெல்லைக்கு வேலைக்கு வந்தவரையும் ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போனவரையும் ஒப்பிட்டால், பயம் ஒன்றுதான், வித்தியாசம் பாஸ்தான்.

வேறு காரணங்களையும் கழியுங்கள். கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் மீன்பிடித் தடை வரும்; வழக்கமாக 61 நாள், 2020இல் அதைக் குறைத்தார்கள். நாட்டுப் படகுக்கு அந்தத் தடை இல்லை. விசைப்படகுக்காரரின் மே மாத நட்டத்தை ஊரடங்கில் எழுதினால் மீன்வளத் துறை ஒரே வரியில் அடித்துவிடும். பத்தமடைப் பாய்க்கு விற்பனை எந்த மாதம் மந்தம் என்று முந்தைய ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். ஒப்பிட 2019ஆம் ஆண்டின் அதே மாதங்கள் வேண்டும். முந்தைய மாதம் போதாது. மக்கள்தொகைக் கணக்குக்கு 2011 கணக்கெடுப்பை எடுத்தால், அந்த 30.77 லட்சம் பிரிக்கப்படாத மாவட்டத்துக்கு உரியது. இன்றைய திருநெல்வேலிக்கு என்று எழுதிவிடாதீர்கள். வட்டவாரியாக எடுத்துக் கூட்டுங்கள்.

8. ஆணையை எடை போடுவது

ஒவ்வோர் ஆணைக்கும் நான்கு கேள்வி. பிறப்பிக்க அதிகாரம் இருந்ததா? நோக்கத்துக்கு அது தேவைப்பட்டதா? இதைவிடக் குறைந்த கெடுபிடியில் முடிந்திருக்காதா? முடிவுத் தேதி இருந்ததா? உச்ச நீதிமன்றம் 2017 அந்தரங்க உரிமைத் தீர்ப்பில் சொன்ன அளவுகோலும் ஏறக்குறைய இதே திசையில்தான். அவசரக் காலத்திலும் அளவுகோல் மாறாது என்பதற்கு, குஜராத்தில் ஆலைகளின் வேலை நேர விதிகளைத் தளர்த்திய அறிவிக்கையை 2020 அக்டோபர் 1 அன்று அதே நீதிமன்றம் ரத்து செய்ததைக் காட்டலாம்.

தண்டனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெருவில் நின்ற ஒருவரை 188இல் போட்டால் அதிகபட்சம் ஆறு மாதம், ஆயிரம் ரூபாய். பேரிடர்ச் சட்டத்தின் 51ஆம் பிரிவில் போட்டால் ஓராண்டு வரை. 2020 செப்டம்பருக்குப் பிறகு, முகக்கவசம் இல்லை என்று பொதுச் சுகாதாரச் சட்டத்தில் போட்டால் கையோடு 200 ரூபாய் ரசீது. எந்தக் கதவு வழியாக அனுப்புவது என்பது அன்று பணியில் இருந்தவரின் கையில். யார் எந்தக் கதவு வழியாகப் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் எண்ணிக்கை சிறியது, ஆகவே முடிவு எதுவும் எழுதவில்லை. பட்டியலை மட்டும் இணைத்தோம்.

நல்லது நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள். அடைத்த தெருவுக்குக் காய்கறி வண்டி ஒழுங்காக வந்ததாக மூன்று வீட்டில் சொன்னார்கள். எழுதினோம். அந்த வரி இருந்ததால்தான் மற்ற வரிகளையும் அதிகாரி படித்தார் என்று நினைக்கிறேன்.

9. செலவும் காலமும்

எங்களுக்கு ஆனது: தகவல் உரிமை விண்ணப்பம் 19, வில்லை 190 ரூபாய். நகல் 840 பக்கத்துக்கு 1,680. தபால், தட்டச்சு, பஸ் டிக்கெட், வீடு வீடாகப் போனபோது குடித்த தேநீர் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. வழக்கறிஞர் ஒருவர் இலவசமாகப் படித்துத் திருத்தினார்.

சரியாகச் செய்தால் ஆறு மாதம் போதும். முதல் மாதம் தேதிக் கணக்கு. அந்த மாத முடிவிலேயே எல்லா விண்ணப்பங்களையும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் இரண்டு மாதத்தில் வீட்டு வேலை. பதில் வராதவற்றுக்கு மூன்றாம் மாதம் முடிவதற்குள் முதல் மேல்முறையீடு. நாலாம் மாதம் அதன் பதிலுக்கு. ஐந்து, ஆறில் எழுத்து. மழைக்காலத்தில் வீடு வீடாகப் போகும் வேலையை வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆளைப் பிடிக்க முடியாது.

10. எங்கே கொடுப்பது

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, சட்டப்பேரவை மனுக்கள் குழு. மூன்றுக்கும் ஒரே அறிக்கை, வெவ்வேறு முகப்புக் கடிதம். மனித உரிமை ஆணையத்தில் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பதால் 2020 சம்பவங்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. தெரியாமல் அங்கே அனுப்பி நாளைக் கடத்தாதீர்கள்.

அறிக்கை பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பக்கத்தில் மூன்று கோரிக்கை. எங்கள் கோரிக்கைகள் இவை: இனி வரும் எந்த அவசர ஆணையிலும் முடிவுத் தேதி இருக்க வேண்டும், வீட்டிலிருந்து செய்யும் கூலி வேலைக்கு மூலப்பொருள் எடுத்துச் செல்ல விலக்கு வேண்டும், ஆணை பிறந்த அன்றே தமிழில் ஊர்ப் பலகையில் ஒட்ட வேண்டும். மற்றதெல்லாம் இணைப்பு.

கொடுக்கும்போது மனு எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் முதல் மனுவைக் கூட்ட நெரிசலில் ஒரு மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டோம். ஐந்து வாரம் கழித்துப் போய்க் கேட்டால் "என்ன மனு?" என்றார்கள். மறுபடி அச்சடித்து, ஒப்புகை வாங்கிக் கொடுத்தது அடுத்த திங்கள்கிழமை. அந்த ரசீதின் நகலை நாற்பது வீட்டுக்கும் ஒவ்வொன்று கொண்டுபோய்க் கொடுத்தோம். பலர் அதைப் பாஸ் புத்தகத்துக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டார்கள்.